அடுப்பைப் பார்த்து அண்டா வாங்குங்கள்

பாத்திரக் கடைக்குப் போகிறவருக்கு நம்மவர்கள் சொல்லும் முதல் புத்திமதி, "பெரிசாவே வாங்கிப் போடுங்க, பிறகு உதவும்" என்பதுதான். திருவிழா அன்னதானத்துக்கு அண்டா எடுக்கிறவருக்கு அது சரியாகவே இருக்கலாம். வீட்டில் பியர் காய்ச்சுகிறவர்களிடமும் அதே நம்பிக்கை உலகம் முழுக்க ஓடுகிறது: தேவை என்று நினைத்ததைப் போல் இரு மடங்கு வாங்கிவிடு, பின்னால் வருத்தப்பட மாட்டாய். இந்த நம்பிக்கை பிழை. பாத்திரத்தின் அளவை அடுப்புதான் தீர்மானிக்கிறது. அடுப்பைக் கேட்காமல் வாங்கிய பெரிய அண்டா நேரத்தையும் எரிவாயுவையும் தின்கிறது, கடைசியில் பியரையும் கெடுக்கிறது.

இதை விளங்கிக்கொள்ள இலங்கை மலையகத்தைவிட நல்ல இடம் கிடையாது. 1840களின் இறுதியில் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கரின் பெயரோடுதான் அங்கே பியர் காய்ச்சிய கதை தொடங்குகிறது. 1881இல் அங்கே சிலோன் புரூவரி என்ற பியர் தொழிற்சாலை வந்தது. இமயமலைப் பக்கம் கசௌலியிலும் முர்ரேயிலும் வெள்ளைக்காரர் பியர் தொழிற்சாலைகளை மேட்டில் கட்டியதற்கும் முக்கியக் காரணம் குளிர்தான். குளிர்சாதனம் இல்லாத காலத்தில் ஈஸ்ட் ஒழுங்காக வேலை செய்யக் குளிர் தேவைப்பட்டது. நொதிக்கும் தொட்டிக்கு மலை தந்த சலுகை அது. கொதிக்கும் பாத்திரத்துக்கோ மலை பாதகமே செய்கிறது. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். ஹட்டனில் 96 அளவில். இயந்திரக் குளிர் மலிவான பிறகு சிலோன் புரூவரியின் தொழிற்சாலை தாழ்நாட்டுப் பியகமவுக்கு இறங்கிப் போனதில் வியப்பு ஒன்றுமில்லை.

அந்த ஆறு பாகைக் குறைவு சின்ன விஷயமல்ல. மால்ட் சாற்றை, அதாவது முளைகட்டிய பார்லியின் இனிப்புச் சாற்றை, கொதிக்கவிடுவதே முக்கியமாக இரண்டு காரியத்துக்காக. ஒன்று, ஹாப்ஸ் பூவின் கசப்பு சாற்றில் கரைய வேண்டும். மற்றது, வேகவைத்த சோளம் போல் நாறும் கந்தகச் சேர்மம் ஆவியோடு வெளியேற வேண்டும். வெப்பம் குறையக் குறைய இரண்டுமே மந்தமாகும். அந்தச் சேர்மத்தின் மூலப்பொருள் சிதைவதற்கு 100 பாகையில் எடுப்பதைப் போல் ஏறக்குறைய இரட்டிப்பு நேரம் 94 பாகையில் தேவை. ஆகவே மற்ற இடங்களில் 60 நிமிடம் கொதித்தால் போதும் என்கிற செய்முறையை மேட்டில் 90 நிமிடமாவது கொதிக்கவிட வேண்டும். அதுவும் நன்றாகப் புரண்டு கொதிக்க வேண்டும். ஓரத்தில் நாலு குமிழி விடுவதைக் கொதி என்று சொல்ல முடியாது.

இப்போது அடுப்புக்கு வருவோம். வீட்டு எரிவாயு அடுப்பின் ஒரு வாயிலிருந்து பாத்திரத்துக்குள் உண்மையில் இறங்கும் வெப்பம் 1.2 கிலோவாட் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் பக்கவாட்டில் போய்விடும். 20 லீற்றர் பியர் வேண்டுமானால், ஆவியாவதையும் அடியில் தங்கும் மண்டியையும் சேர்த்து 25 லீற்றருக்குக் குறையாமல் கொதிக்கவைக்க வேண்டும். 20 பாகையில் இருக்கும் 25 லீற்றர், அந்த அடுப்பில் 94 பாகைக்கு ஏற ஒன்றேமுக்கால் மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். கொதித்த பிறகாவது நிம்மதியா என்றால் அதுவும் இல்லை. ஒரு மணி நேரத்தில் 3 லீற்றர் ஆவியாகிற நல்ல கொதிக்கு 1.9 கிலோவாட் வேண்டும். அகன்ற அண்டாவின் வாயும் பக்கங்களும் மலைக்காற்றில் இழக்கும் வெப்பம் தனிக் கணக்கு. ஆக, பெரிய அண்டா முனகிக்கொண்டே கிடக்கும், கந்தக நாற்றம் உள்ளேயே தங்கிவிடும். மூடியைப் போட்டால் கொதிக்குமே என்பார்கள். கொதிக்கும்தான். ஆனால் வெளியேற வேண்டிய ஆவி மூடியில் குளிர்ந்து திரும்பவும் சாற்றிலேயே சொட்டும்.

"பெரிய பாத்திரத்தில் கொஞ்சமாகக் காய்ச்சினால் என்ன குறைந்துவிடும்?" என்பது அடுத்த கேள்வி. 50 லீற்றர் அண்டா ஒன்றின் விட்டம் 40 சென்ரிமீற்றர், உயரமும் அதே அளவு என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 10 லீற்றர் ஊற்றினால் சாறு 8 சென்ரிமீற்றர் உயரம்தான் நிற்கும். ஆறவைக்கும் செப்புச் சுருள் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், வெப்பமானி முழுதாக முங்காது. அடுப்பு வலுவானதாக இருந்துவிட்டாலோ ஒரு மணி நேரத்துக்குள் மூன்றில் ஒரு பங்கு ஆவியாகி, மிஞ்சுவது கறுத்த பாகுதான்.

தோட்ட லயத்து விறகடுப்பில் அண்டாவே வைக்கலாமே, வெப்பத்துக்கு என்ன பஞ்சம் என்ற வாதத்தை நான் இலேசாகத் தள்ளமாட்டேன். விறகு வேண்டிய வெப்பத்தைத் தரும். ஆனால் மால்ட் சாறு முதல் கொதியில் பாலைப் போல் நுரைத்து எழும்பும்போது, எரிவாயுவைத் திருகிக் குறைப்பது போல விறகைக் குறைக்க முடியாது. கொள்ளியை இழுப்பதற்குள் சாறு அடுப்பில் கொட்டிவிடும், அடியில் சர்க்கரையும் தீய்ந்துவிடும். பாத்திரத்தில் நுரைக்கு மேலே நாலில் ஒரு பங்கு வெற்றிடம் வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பெரிய பாத்திரக் கட்சியில் நியாயமுள்ள ஒரே கோரிக்கை அதுதான். இரட்டிப்பு அளவுக்கு அது சாட்சியாகாது.

ஒரே உழைப்பில் இரட்டிப்புப் பியர் என்கிறவர்கள் தூக்குகிற வேலையை மறந்துவிடுகிறார்கள். 25 லீற்றர் கொதிசாறும் பாத்திரமும் சேர்ந்தால் 30 கிலோவைத் தொடும். எரிவாயுவை வீணாக்கத் துணிகிறவர்களுக்கு, 2022இல் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற நாடு இது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

இலங்கையில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் பியர் காய்ச்சுவது 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டத்தின்படி குற்றம். பிறகு இந்தக் கணக்கு எதற்கு என்று கேட்பது நியாயம்தான். லண்டனிலும் டொரொன்டோவிலும் இருக்கும் உறவுகளுக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. அங்கும் வீட்டு அடுப்பின் கணக்கு ஏறக்குறைய இதுதான். சாதாரண வீட்டு அடுப்பு என்றால் 10 லீற்றர் பியருக்கு 18 முதல் 20 லீற்றர் கொள்ளும் பாத்திரம், அகலத்தைவிட உயரம் கூடியதாக, அடி கனத்ததாக இருந்தால் போதும். 3 கிலோவாட் மின்சூடாக்கி உள்ளவர் மட்டும் 35 லீற்றர் வரை போகலாம். 50 லீற்றர் கேட்பவர் முதலில் தன் அடுப்பை மாற்றட்டும்.