கண்சிமிட்டும் விளக்கும் காலக் கணக்கும்

நமது கலாசாலைப் பௌதிகப் பரிசோதனைச் சாலையில் மாணாக்கர் அமைக்கும் எல்.இ.டி. விளக்குகள் காலையில் ஒரு கதியிலும் பிற்பகலில் வேறொரு கதியிலும் கண்சிமிட்டுகின்றன. உடனே பழி மின்சாரத்தின் மேல் விழுகின்றது. கோயம்புத்தூரிலே பம்பு மோட்டார்கள் ஓடத் தொடங்குங்கால் மின்னழுத்தம் சற்றே தாழ்வது மெய்தான். ஆயினும், 1971ஆம் ஆண்டில் ஹான்ஸ் காமென்சிண்ட் என்பார் வகுத்த 555 சில்லு, தனக்கு வரும் அழுத்தத்தின் மூன்றிலொரு பங்கிற்கும் மூன்றிலிரு பங்கிற்கும் இடையே மின்தேக்கி ஏறியிறங்குங் காலத்தையே கணக்கிற் கொள்கின்றது. அழுத்தம் தாழின் அவ்விரண்டு எல்லைகளும் உடன் தாழ்தலின், காலம் பெரிதும் மாறுவதில்லை.

குற்றம் மின்தேக்கியினுடையதே என்பது நமது துணிபு. மலிவான எலெக்ட்ரோலிடிக் வகை, மேலே பொறித்த அளவினின்று நூற்றுக்கு 20 கூடியுங் குறைந்தும் இருத்தல் வழக்கம்; சித்திரை வெயிலில் அதன் கசிவும் மிகும். 10 மைக்ரோபாரட் எலெக்ட்ரோலிடிக்கை நீக்கி 1 மைக்ரோபாரட் பாலியெஸ்டரை இட்டு, தடைகளிரண்டையும் பதின்மடங்காக்கினால் (68 கிலோ ஓமிற்கு 680), கணக்கின்படி காலம் அதுவே, நிலைபேறோ அதிகம். செலவும் சில ரூபாய்களே. இதனை விடுத்து, பழுதில்லாத சில்லைப் பிடுங்கியெறிந்து புதிது வாங்கும் வழக்கத்தை நாம் ஒப்புகிலோம். காலையிலும் பிற்பகலிலும் நூறு சிமிட்டல்களை எண்ணி, கடிகாரங்கொண்டு அளந்து ஏட்டிற் குறியாதவருக்கு இச்செய்முறையில் மார்க்கு வழங்கலாகாது.