புல்லட்டில் போனது சத்தமா, வேறொன்றா?



"இப்போ வர்ற புல்லட்டெல்லாம் புல்லட்டே இல்லை சார், அந்தச் சத்தம் போச்சு" என்று உங்களில் பலர் வருத்தப்படுகிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

1955-ல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூரில் இந்த வண்டியைச் செய்தது. இங்கிலாந்துக் கம்பெனியே மூடிய பிறகும் இங்கே ஓட்டம் நிற்கவில்லை. வார்ப்பிரும்பு இன்ஜின், 346 சி.சி., நான்கு கியர். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். டீகம்ப்ரஸரை அமுக்கி, அம்மீட்டர் முள்ளைப் பார்த்து, பிறகுதான் கிக்கரை உதைக்க வேண்டும். தவறினால் திருப்பி உதைக்கும்; கணுக்காலுக்கு ஆபத்து. மற்ற வண்டி ஓட்டிப் பழகியவர் அவசரத்தில் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதித்தால் என்ன ஆகும்?

பிறகு கியர் இடது காலுக்கு வந்தது. தனித்தனியாக இருந்த இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒன்றாயின. எண்ணெய்க் கசிவு குறைந்தது. 2019-ல் 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். கட்டாயமானது. 2020-ல் பி.எஸ்.6 விதியால் கார்புரேட்டர் போனது. 2023-ல் வந்த புல்லட் 349 சி.சி., ஐந்து கியர், கிக்கரே கிடையாது. மழை ரோட்டில் சக்கரம் இறுகிச் சறுக்காமல் பிள்ளை வீடு வந்து சேர்வதற்கு முன்னால் சத்தம் ஒரு பொருட்டா? அந்தச் சத்தத்துக்காக சைலன்ஸரை மாற்றுகிறவர்கள் தெருவில் தூங்கும் குழந்தையையும் நோயாளியையும் நினைக்க வேண்டும்.

உண்மையான இழப்பு வேறு. பிளக்கைத் துடைத்து, பாயிண்ட்டைச் சரிசெய்து, காதால் கேட்டே டியூன் பண்ணிய தெரு மெக்கானிக்கின் கைக்கு வேலை குறைகிறது. இன்று கோளாறு எதுவென்று அறியவே கருவியை மாட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. கருவியும் பயிற்சியும் ஷோரூமோடு நின்றால், சிறிய ஊரின் பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடும். வண்டி வைத்திருப்பவருக்கும் செலவு ஏறும்.

ஆகவே பட்டறை வைத்திருக்கும் என் பிள்ளைகளே, பழைய வண்டியின் பெருமை பேசியே நின்றுவிடாதீர்கள். ஃபியூல் இன்ஜெக்‌ஷனையும் சென்சாரையும் கற்றுக்கொள்ளுங்கள். ஐ.டி.ஐ.யிலும் பாலிடெக்னிக்கிலும் பாடம் நடத்தும் என் மாணவர்களே, மாலையில் ஒரு மணி நேரம் இவர்களுக்கு ஒதுக்குங்கள். புல்லட் காலத்தோடு மாறிக்கொண்டது. அதைப் பழுது பார்ப்பவரும் மாற நாம்தான் கைகொடுக்க வேண்டும்.