தையல் போடும் நேரம்

"சிஸ்டர், எம் புள்ள ஏன் இன்னும் அழுவுது?"

முதுகில் ஊசி போட்டு, மார்புக்குக் கீழே பச்சைத் துணி மறைத்து, இரண்டு கைகளையும் இரு பக்கப் பலகையில் நீட்டிப் படுக்க வைத்திருந்தோம் அந்தத் தாயை. குழந்தை ஆறடி தள்ளி வார்மரில் கிடந்தது. நல்ல குழந்தை. எடுத்ததுமே வீறிட்டு அழுதது; நிறமும் நன்றாக வந்துவிட்டது. எடை இரண்டே முக்கால் கிலோ. "ஒண்ணுமில்லம்மா, புள்ள நல்லா இருக்கு, தொடச்சிக்கிட்டு இருக்கோம்" என்றேன். துடைத்து, எடை போட்டு, வைட்டமின் கே ஊசி போட்டு, கையில் அடையாளப் பட்டை கட்டி, துணியில் சுற்றி, தாயின் கன்னத்தில் ஒரு தரம் ஒற்றி எடுத்து, வெளியே காத்திருந்த அம்மாச்சியிடம் கொடுத்தோம். தன் பிள்ளையை அந்தத் தாய் மறுபடி பார்த்தது ஏறக்குறைய மூன்று மணி நேரம் கழித்துத்தான். அதற்குள் அது அழுது அழுது ஓய்ந்து தூங்கிவிட்டது. மார்பில் போட்டபோது வாயைத் திறக்கவில்லை. "பால் இல்ல போலிருக்கு" என்று யாரோ சொன்னார்கள். அந்தச் சொல் அந்தத் தாயின் மனதில் தங்கிவிட்டது.

அன்று யாரும் தப்பாக எதையும் செய்யவில்லை. எங்களுக்குச் சொல்லித் தந்ததை, சொல்லித் தந்த வரிசையில் செய்தோம். அந்த வரிசையை மாற்ற வேண்டும் என்பதற்காகத்தான் இந்த இதழின் முதல் பக்கங்களை எடுத்துக்கொள்கிறேன்.

ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி (2019-21) தமிழ்நாட்டுப் பிரசவங்களில் நூற்றுக்கு 44.9 சிசேரியன். அரசு மருத்துவமனைகளில் 36, தனியாரில் 63.8. இவ்வளவு அறுவை தேவையா என்பது தனி விவாதம். அதை வேறொரு இதழில் பேசுவோம். இங்கே எனக்கு முக்கியமானது இன்னொன்று. நம் மாநிலத்தில் நூற்றுக்கு 99.6 பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. அப்படியிருந்தும் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் குடித்த குழந்தைகள் நூற்றுக்கு 60 அளவில்தான். குழந்தைகள் நம் கூரையின் கீழ், நம் கையில்தான் பிறக்கின்றன. மீதி நாற்பதுக்கு வீட்டையும் பாட்டியையும் சேனை வைக்கும் வழக்கத்தையும் குறை சொல்லி நாம் நகர்ந்துவிட முடியாது.

லேபர் வார்டில் நிலைமை பரவாயில்லை. குழந்தையைத் தாயின் வயிற்றின் மேல் போடுவது இப்போது பல இடங்களில் பழக்கமாகிவிட்டது. தியேட்டருக்குள் மட்டும் அது வரவில்லை. "ஆபரேஷன் கேஸ்தானே, முடிஞ்சு வார்டுக்குப் போனதும் பாத்துக்கலாம்" என்கிறோம். உலக சுகாதார நிறுவனம் 2018இல் திருத்தி வெளியிட்ட, தாய்ப்பால் ஊட்டலுக்கான பத்துப் படிகளில் நான்காவது, பிறந்த உடனே, இடைவிடாமல், தோலோடு தோல் சேர்த்து வைக்கச் சொல்கிறது. முதுகில் மயக்க ஊசி போட்ட சிசேரியன் தாய்க்கும் அது பொருந்தும். அவர் விழித்திருக்கிறார், பேசுகிறார், கேட்கிறார்.

நேரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கத்தி வைத்ததிலிருந்து குழந்தையை எடுக்கச் சில நிமிடங்கள் போதும். அதற்குப் பிறகு நஞ்சை எடுத்து, கருப்பையைத் தைத்து, வயிற்றை ஒவ்வொரு அடுக்காக மூடி முடிக்க முப்பது, நாற்பது நிமிடம் ஆகிறது. இந்த நேரம் முழுவதும் அறுவை மருத்துவருக்கு வேலை இருக்கிறது, ஸ்கிரப் நர்ஸுக்கு வேலை இருக்கிறது. தாய்க்கு மட்டும் ஒன்றுமில்லை. கூரை விளக்கைப் பார்த்துக்கொண்டு, குழந்தையின் குரல் எந்தப் பக்கம் போகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடக்கிறார். நாம் வார்மருக்கும் வெளி வராந்தாவுக்கும் எழுதிக் கொடுத்துவிட்ட அந்த முப்பது, நாற்பது நிமிடம் அவர்கள் இருவருக்கும் உரியது.

மார்பில் வைத்த குழந்தை என்ன செய்யும் என்பதைச் சுவீடனில் ஆன்-மரி விட்ஸ்ட்ரோமும் அவருடன் பணியாற்றியவர்களும் பொறுமையாகக் கவனித்து ஒன்பது கட்டங்களாக எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு அதை வாசித்துப் புரிந்ததைவிடக் கண்ணால் பார்த்துப் புரிந்தது அதிகம். முதலில் அந்தப் பிறப்பு அழுகை. மார்பில் வைத்த சற்று நேரத்தில் நின்றுவிடும். பிறகு குழந்தை அப்படியே தளர்ந்து கிடக்கும். கை அசையாது, வாய் அசையாது. புதிதாகப் பார்க்கும் பயிற்சி மாணவிகள் இந்த இடத்தில்தான் பயந்துபோய்க் காலைச் சுண்டுவார்கள். நிறத்தையும் மூச்சையும் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால் விட்டுவிடுங்கள். கொஞ்ச நேரத்தில் தலை லேசாகத் திரும்பும், தோள் அசையும், கண் திறக்கும். பிறகு நாக்கு வெளியே வரும், கை வாய்க்குப் போகும். நடுவில் ஓய்வு. மறுபடி ஒரு முயற்சி. முழங்காலை மடக்கி உந்தி, பக்கவாட்டில் நழுவி, காம்பை நக்கிப் பார்த்து, கடைசியில் பற்றும். குடித்த பிறகு தூங்கும். சிசேரியன் குழந்தைகளிடம் இது இன்னும் மெதுவாக நடப்பதைப் பார்த்திருக்கிறேன். ஓய்வெடுக்கும் குழந்தையின் பின்தலையைப் பிடித்துக் காம்பில் அழுத்துவதுதான் நாம் செய்யும் பெரிய தப்பு. அப்போது அது வீம்பாகத் தலையைத் திருப்பிக்கொள்ளும். நாமும் "குடிக்க மாட்டேங்குது" என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிடுகிறோம். இன்னொன்று: உடம்பையும் தலையையும் நன்றாகத் துடைக்க வேண்டும், உள்ளங்கைகளை மட்டும் அழுத்தித் துடைக்க வேண்டாம். கையில் ஒட்டியிருக்கும் பனிக்குட நீரின் வாசனை அதற்கு வழிகாட்டுகிறது.

ஆய்வுகள் எந்த அளவுக்கு உறுதியாகச் சொல்கின்றன என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். 2016இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வில் 46 ஆய்வுகள், 3,850 தாய்மார். தோலோடு தோல் வைத்த குழந்தைகளில் கூடுதலானவை மாதங்கள் கழித்தும் தாய்ப்பால் குடித்தன. அவற்றின் ரத்தச் சர்க்கரையும் கூடுதலாக இருந்தது. அந்த 46இல் சிசேரியன் பற்றியவை எட்டுத்தான். அறுவைக்குப் பிறகும் தாய்ப்பால் நீடிக்க இது உதவக்கூடும் என்ற முடிவு இரண்டே சிறிய ஆய்வுகளை நம்பி நிற்கிறது. ஆகவே "நிரூபணமாகிவிட்டது" என்று நெஞ்சு நிமிர்த்திச் சொல்லமாட்டேன். ஆனால் குழந்தையைப் பிரித்து வைப்பதால் நன்மை உண்டு என்று காட்டும் ஆய்வை என் அனுபவத்தில் நான் பார்த்ததில்லை. வழக்கம் என்ற ஒரே காரணத்தால் நடப்பது அது.

பலவீனமான குழந்தைகளிடமே தோலோடு தோல் சேர்ப்பது பலித்திருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. 1978இல் கொலம்பியாவின் போகோட்டா நகரில் இன்குபேட்டர் பற்றாக்குறைக்கும் தொற்றுக்கும் நடுவே எட்கர் ரே சனாப்ரியா என்ற மருத்துவர் எடை குறைந்த குழந்தைகளைத் தாயின் மார்போடு கட்டி வைக்கத் தொடங்கியதுதான் இன்று நாம் செய்யும் கங்காரு பராமரிப்பு. 2021இல் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு நான்கு ஆப்பிரிக்க நாடுகளிலும் நம் டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையிலும் நடந்தது. ஒரு கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் இருந்த குழந்தைகளை நிலைமை சீராகும்வரை காத்திராமல் பிறந்த உடனே மார்பில் வைத்தார்கள். 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் வழக்கமான முறையில் நூற்றுக்கு 15.7, உடனே வைத்த குழுவில் 12. பயன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். ஒன்றரைக் கிலோ குழந்தைக்கு இது பொருந்துமென்றால், மாதம் நிறைந்து இரண்டே முக்கால் கிலோவில் பிறந்த குழந்தையை எதற்காக ஆறடி தள்ளி வைக்கிறோம்?

"குளிரும்" என்பது முதல் பதில். குளிரத்தான் செய்யும், நம் தியேட்டர் ஏசி 20இல் ஓடினால். பிரசவம் நடக்கும் அறை 25 டிகிரிக்குக் குறையக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். கவுன் போட்டு நிற்கும் மருத்துவருக்கு அது புழுக்கமாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் அந்த அறையில் ஈரத்தோடு, துணியில்லாமல் இருப்பது ஒரே ஒருவர். நன்றாகத் துடைத்து, ஈரத்துணியை மாற்றி, தலைக்குத் தொப்பி போட்டு, முதுகின் மேல் சூடாக்கிய துணி போர்த்தினால் தாயின் மார்புச் சூடே போதும். இத்தாலியில் 2010இல் 34 சிசேரியன் தாய்-சேய் இணைகளை வைத்து நடந்த சிறு ஆய்வில், அறுவைக்குப் பிறகு தாயின் மார்பில் வைத்த குழந்தைகளுக்கு உடல் வெப்பம் ஆபத்தாகக் குறையவில்லை. அரை மணிக்கு ஒரு தரம் அக்குளில் வெப்பம் பாருங்கள். 36.5க்குக் கீழே இறங்கினால் போர்வையைச் சரி செய்யுங்கள்.

"மார்பில் இடமில்லை" என்பது இரண்டாவது. ஈசிஜி ஒட்டுகள் மார்பின் நடுவில், பிரஷர் பட்டை ஒரு கையில், டிரிப் ஊசி மறு கையில், ஆக்சிமீட்டர் விரலில். இதில் எதுவும் இடம் மாறக் கூடாத விஷயமில்லை. லண்டன் குயின் ஷார்லட் மருத்துவமனையின் மகப்பேறு மருத்துவர், மயக்க மருந்து மருத்துவர், மருத்துவச்சி மூவரும் சேர்ந்து 2008இல் எழுதிய கட்டுரையில் இதற்கு வழி சொல்லியிருக்கிறார்கள்: ஈசிஜி ஒட்டுகளை மார்பை விட்டு விலக்கி ஒட்டுவது, டிரிப் ஊசியைத் தாய் அதிகம் பயன்படுத்தாத கையில் போடுவது. இதற்குக் காசு செலவில்லை. மயக்க ஊசி போடுவதற்கு முன் ஒருவர் நினைவுபடுத்தினால் போதும். குழந்தை வந்த பிறகு ஒட்டைப் பிய்த்து இடம் மாற்ற யாருக்கும் மனம் வராது. மறைப்புத் துணி கழுத்தை நெருக்கிக் கட்டியிருந்தால் குழந்தையை மார்பின் குறுக்காக, காம்புகளுக்கு மேலே வைக்கலாம்.

மூன்றாவதுதான் உண்மையான தடை. ஆள் இல்லை. சர்குலேட்டிங் சிஸ்டர் ஒருவர். அவரே குழந்தையையும் வாங்க வேண்டும், பஞ்சுக் கணக்கும் பார்க்க வேண்டும், அடுத்த கேஸுக்கும் தயார் செய்ய வேண்டும். ஒரு நாளைக்கு எட்டு, பத்து சிசேரியன் நடக்கும் சீமாங் (அவசர மகப்பேறு, பச்சிளங்குழந்தைச் சிகிச்சை) மையங்களில் நான் கேட்ட முதல் கேள்வி எப்போதும் "யாரு பக்கத்துல நிக்கிறது?" என்பதுதான். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் சுற்றறிக்கை மட்டும் அனுப்புவது செவிலியருக்குச் செய்யும் அநியாயம். ஏனென்றால் குழந்தையை மார்பில் வைத்துவிட்டு அந்தப் பக்கம் போகவே கூடாது. நன்றாக இருந்த குழந்தை மார்பில் கிடக்கும்போதே திடீரென்று மூச்சடங்கிப்போவது உண்டு. அபூர்வம்தான், ஆனாலும் நடக்கிறது. மூக்கும் வாயும் திறந்து, தலை பக்கவாட்டில் திரும்பி, கழுத்து மடங்காமல், முகம் நம் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். சிசேரியன் தாய்க்குக் கை மரத்த மாதிரி இருக்கும், நடுக்கம் வரும், குமட்டும், மருந்தில் கண் சொருகும். குழந்தையைப் பிடித்துக்கொள்ளும் பொறுப்பை அவரிடம் விட முடியாது. குழந்தைக்கென்று ஒரு ஜோடிக் கை, வேறு வேலையில்லாமல் வேண்டும்.

அந்தக் கை கிடைக்காத நாளில் வைக்காதீர்கள் என்றே நான் சொல்வேன். குழந்தைக்கு மூச்சு வாங்கினாலோ, தாய்க்கு ரத்தப்போக்கோ பிரஷர் இறக்கமோ இருந்தாலோ வைக்கக் கூடாது என்பதை இந்த வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. "எடுங்க" என்று மயக்க மருந்து மருத்துவர் சொன்னால் மறுபேச்சின்றி எடுத்துவிட வேண்டும்.

தாய்க்கு முழு மயக்கம் கொடுத்த கேஸில் என்ன செய்வது? வெளியே அப்பா நிற்கிறார். 2007இல் வெளியான சுவீடன் ஆய்வில், சிசேரியன் குழந்தைகளைத் தந்தையின் மார்பில் வைத்தபோது, தொட்டிலில் கிடந்தவற்றைவிட அவை குறைவாக அழுதன, சீக்கிரம் அமைதியாயின. நம் மகப்பேறு வார்டுகளில் ஆண்களை உள்ளே விடுவது சிரமம். மற்ற தாய்மாரின் மறைவைக் காக்க வேண்டும் என்பது நியாயமான காரணம். அப்படியானால் அம்மாச்சியை உட்கார வைத்து, ரவிக்கைக்குள் சேலை மறைவில் குழந்தையை மார்போடு சேர்த்து வைக்கச் சொல்லலாம். ஒரு நாற்காலியும் ஒரு திரையும் இருந்தால் முடியும். துணி மூட்டையாகக் கையில் வாங்கிக்கொண்டு வராந்தா காற்றில் நிற்பதைவிட அது எவ்வளவோ மேல்.

தியேட்டருக்குள் முடியவில்லையா, ரெகவரி அறை இருக்கிறது. தாயும் சேயும் பிரியும் பாதை பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது: தாய் ஸ்டிரெச்சரில் ஒரு கதவு வழியாக, குழந்தை உறவினர் கையில் இன்னொரு கதவு வழியாக. இருவரையும் ஒரே ஸ்டிரெச்சரில் அனுப்ப முடியாதா என்று உங்கள் வார்டு சிஸ்டரிடம் கேளுங்கள். எடை போடுவது ஒரு மணி நேரம் கழித்து நடந்தால் எதுவும் கெட்டுப்போகாது. அடையாளப் பட்டையைத் தாயின் கண் முன்னால், மார்பில் இருக்கும்போதே கட்டலாம். "என்ன குழந்தை?" என்று வெளியே தவித்து நிற்பவர்களுக்கு வாயால் சொன்னால் போதும், முகத்தை அரை மணி கழித்துக் காட்டலாம்.

ஒரே நாளில் எல்லாக் கேஸுக்கும் செய்யச் சொல்லவில்லை. வரும் திங்கட்கிழமைப் பட்டியலில் முன்கூட்டித் திட்டமிட்ட ஒரு சிசேரியனை எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் நிறைந்த, சிக்கலில்லாத கேஸாக இருக்கட்டும். முந்தின நாள் மாலையே அந்தத் தாயிடம் சொல்லுங்கள், முன்பக்கம் திறக்கும் கவுன் கொடுங்கள். காலையில் மயக்க மருந்து மருத்துவரிடம் ஈசிஜி ஒட்டு பற்றிப் பேசுங்கள். ஏசியை 25க்கு ஏற்றுங்கள். யார் பக்கத்தில் நிற்பது என்று பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். எத்தனை நிமிடம் வைக்க முடிந்தது, குழந்தையின் வெப்பம் எவ்வளவு இருந்தது, எப்போது பால் பற்றியது, எங்கே தடைப்பட்டது என்று நான்கு வரி எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். தடைப்பட்ட கதைகளையும் சேர்த்தே அடுத்த இதழில் வெளியிடுவோம்.