வாப்பாவின் மோட்டார் சைக்கிள்: பழுது பார்ப்பதா, மாற்றுவதா?



என் வாப்பா 2007இல் வாங்கிய நூறு சிசி மோட்டார் சைக்கிள் இன்றும் எங்கள் வீட்டு வாசலில் நிற்கிறது. வாப்பா மவ்த்தாகி ஆறு ஆண்டுகள் கடந்துவிட்டன. காயல்பட்டினத்திலிருந்து தூத்துக்குடிக்கு வேலைக்குச் செல்லும் என் தம்பிதான் இப்போது அதை ஓட்டுகிறான். போகவர அறுபது கிலோமீட்டருக்கு மேல் ஆகும். சென்ற ரமழானுக்குப் பிறகு அது புகை விடத் தொடங்கியது. ஃபஜ்ரு தொழுதுவிட்டு அவன் வண்டியைக் கிளப்பினால், பள்ளிவாசலிலிருந்து திரும்பும் பெரியவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நடப்பார்கள். 500 கிலோமீட்டருக்கு 200 மில்லி எண்ணெய் குறைந்தது. எஞ்சினில் இருப்பதே ஏறத்தாழ ஒரு லிட்டர்தான்.

வீட்டில் மூன்று கருத்துகள் எழுந்தன. தவணைக் கடனில் புதியது எடுத்துவிடலாம் என்றான் தம்பி. வாப்பாவின் வண்டியை விற்கக் கூடாது என்றார் உம்மா. அண்டை வீட்டு மச்சானோ, எண்ணெயை ஊற்றி ஊற்றி ஓட்டு, அதுதான் சிக்கனம் என்றார். என் பார்வையில் இம்மூவர் சொன்னதிலும் பிழை உண்டு.

முதலில் மச்சானின் சிக்கனத்தை எடுத்துக்கொள்வோம். மாதம் அரை லிட்டருக்கு மேல் எண்ணெய் எரிந்து காற்றில் கலக்கிறது. அதைச் சுவாசிப்பவர்கள் நம் தெருப் பிள்ளைகள். அண்டை வீட்டாருக்குத் தொல்லை தராதிருப்பதை ஈமானோடு சேர்த்துப் பேசும் நாம், இந்தப் புகையை மட்டும் தொல்லைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அது ஒருபுறம் இருக்க, எண்ணெய் குறைந்த எஞ்சினில் முதலில் வறள்வது மேலே உள்ள ஹெட் பகுதி. ஒருநாள் பார்க்க மறந்தால் கேம் ஷாஃப்ட்டும் ராக்கர் கைகளும் தேய்ந்துபோகும். ஆயிரங்களில் முடிய வேண்டிய வேலை அப்போது பல ஆயிரங்களாகிவிடும். (பழைய இரண்டு ஸ்ட்ரோக் வண்டி வைத்திருப்போர் இதைப் படித்து அஞ்ச வேண்டாம். பெட்ரோலோடு எண்ணெயையும் எரிப்பது அவற்றின் இயல்பு. நான் பேசுவது நான்கு ஸ்ட்ரோக் வண்டியைப் பற்றி.)

தம்பியின் யோசனைதான் இன்று நம் வீடுகளில் மிகுதியாக நடப்பது. புதிய நூறு சிசி வண்டி ஒன்றைச் சாலையில் இறக்கப் பெருந்தொகை ஆகும். கடையில் அவனுக்குக் காட்டிய கணக்கு இது: 70,000 ரூபாய் கடன், 12 விழுக்காடு வட்டி, மூன்று ஆண்டு. வட்டி மட்டுமே 25,200 ரூபாய். அந்தப் 12 விழுக்காடும் முழுத் தொகைக்கும் மூன்று ஆண்டும் போடப்படுவது. மாதந்தோறும் அசல் குறைந்துகொண்டே வருவதால், உண்மையில் அது ஏறத்தாழ 21 விழுக்காடு வட்டி. வட்டி ஹராம் என்பதை நான் இங்கே விளக்க வேண்டியதில்லை, அறியாதவர் எவருமில்லை. நிர்ப்பந்தம் என்று ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அதைக் கடந்துவிடுகிறோம். வாசலில் பழுது பார்க்கத்தக்க வண்டி ஒன்று நிற்கும்போது அங்கே நிர்ப்பந்தம் எங்கே இருக்கிறது?

ஆனால் பழுது பார்க்கத்தக்கதா என்பதை ஆசையைக் கொண்டு முடிவு செய்யக் கூடாது. உம்மாவிடம் நான் சொன்னதும் இதுவே. எண்ணெய் எரிவதற்கு இரண்டு வழிகள் உண்டு. இரவெல்லாம் நின்ற வண்டியைக் கிளப்பும்போது மட்டும் புகைந்து, சற்று நேரத்தில் தெளிந்துவிட்டால், பெரும்பாலும் வால்வு சீல் காய்ந்துபோயிருக்கும். அது சில நூறு ரூபாய்ச் சாமான். ஓட்டம் முழுவதும் புகைந்து, முறுக்கும்போது இன்னும் கூடினால், பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்துள்ளன என்று பொருள். ஐயமிருந்தால் கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்பார்க் பிளக் துளை வழியாக ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மீண்டும் அளக்கும்போது அழுத்தம் ஏறினால் குற்றம் ரிங்கில். ஏறாவிட்டால் வால்வின் பக்கம். இதைச் செய்யாமலே எஞ்சினை இறக்க வேண்டும் என்று சொல்லும் மெக்கானிக்கிடம் வண்டியை விடாதீர்கள்.

எங்கள் வண்டியில் ரிங் போயிருந்தது. பிளக் ஈரமாகக் கறுத்திருந்தது. மெக்கானிக், "காக்கா, கீழே கிராங்க் நல்லா இருக்கு, மேல் வேலை மட்டும் போதும்" என்றார். அந்தச் சொல்தான் முடிவைத் தந்தது. கிராங்க் பேரிங் இரைந்திருந்தாலோ, எங்கள் ஊரின் உப்புக் காற்றில் சேசிஸ் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தாலோ, வாப்பாவின் நினைவு என்பதற்காக அதில் பணத்தைக் கொட்டுவதும் வீண்விரயமே. அப்போது கையிலுள்ள பணத்திற்கு ஓரளவு நல்ல பழைய வண்டியை வாங்கியிருப்பேன். போதாத தொகைக்குப் பல மஹல்லாக்களில் பைத்துல்மால் வட்டியில்லாக் கடன் தருகிறது. கேட்பதற்கு நமக்குத்தான் கூச்சம். தவணைக் கடைக்குள் நுழையும்போது அந்தக் கூச்சம் வருவதில்லை.

பதினைந்தாயிரம் பெறுமான வண்டிக்கு ஏழாயிரம் செலவா என்று கேட்டவர்கள் உண்டு. அந்த ஒப்பீடே தவறு. ஏழாயிரத்தை ஒப்பிட வேண்டியது விற்றால் கிடைக்கும் விலையோடு அன்று. அதற்குப் பதிலாக இன்னொரு வண்டி வாங்க ஆகும் தொகையோடு. பதிவுக் கணக்கையும் சேர்த்தே பார்த்தேன். பதினைந்து ஆண்டு முடிந்து 2022இல் புதுப்பித்தோம். ஐந்து ஆண்டுக்கொரு முறை என்பதால் 2027இல் மீண்டும் வண்டியைக் காட்ட வேண்டும். புகை விடும் வண்டியை எந்த முகத்தோடு கொண்டுபோய்க் காட்டுவது?

இதற்கிடையே நடந்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும். விற்றால் என்ன கிடைக்கும் என்று அறிய ஒரு தரகரிடம் பேசினோம். கனமான எண்ணெயை மாற்றி ஊற்றினால் பத்து நாள் புகை அடங்கும், அதற்குள் தள்ளிவிடலாம் என்றார் அவர். தம்பி என் முகத்தைப் பார்த்தான். தானியக் குவியலுக்குள் கையை விட்டு, மறைத்து வைத்திருந்த ஈரத்தை வெளிப்படுத்திக் கண்டித்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் நிகழ்ச்சியைச் சிறுவயதிலேயே மதரஸாவில் கேட்டவர்கள் நாங்கள். எஞ்சினுக்குள் இருக்கும் குறையும் அந்த ஈரம் போன்றதுதான். அதை வாங்க வருபவன் யாராக இருப்பான்? பெரும்பாலும், புதியது வாங்க இயலாத இன்னொரு தம்பியாகத்தான் இருப்பான். குறையைச் சொல்லி விற்பதானால் விற்கலாம், விலை குறைந்தால் குறையட்டும் என்றேன். தரகர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

வேலை மூன்று நாளில் முடிந்தது. லேத் பட்டறையில் சிலிண்டரைக் கால் மில்லிமீட்டர் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன், புது ரிங், வால்வு சீல், கேஸ்கெட் எல்லாம் மாற்றினார்கள். கூலியோடு 6,800 ரூபாய். முதல் 500 கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி, எண்ணெயை மாற்றிவிட வேண்டும் என்றார் மெக்கானிக். தம்பிக்கு அந்த ஒன்பது நாளும் பொறுமைக்கான பயிற்சி. பேருந்துகளெல்லாம் அவனை முந்திச் சென்றன.

இப்போது வாரம் ஒருமுறை, ஜும்ஆவுக்குப் புறப்படுமுன் வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி அளவுகோலை எடுத்துப் பார்க்கிறான். எங்கள் வண்டியில் அதைத் திருகாமல் வெறுமே நுழைத்துப் பார்க்க வேண்டும். திருகினால் இருப்பதைவிட அதிகம் காட்டும். சென்ற வெள்ளியன்று, எண்ணெய் மாற்றி 800 கிலோமீட்டர் ஓடியபின், அல்ஹம்துலில்லாஹ், அது மேல் கோட்டிலேயே நின்றது.