மரக்கால் யார் கையில்?

சினிமாவில் வராத பாட்டுக்களைப் பாட்டுக்காரர்களே படம் பிடித்து வெளியிடுகிறார்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் இவற்றை "ஆல்பம் பாட்டு" என்கிறார்கள். பத்திரிகைகள் "சுயேச்சை இசை" என்று எழுதுகின்றன. பெயர் நல்ல பெயர்தான். ஆனால் எதனிடமிருந்து சுயேச்சை? யாருக்குச் சுயேச்சை? இதற்கு விடை காண 2021ஆம் ஆண்டைத் திரும்பிப் பார்ப்பது அவசியம் என்று நாம் கருதுகிறோம். இப்பாட்டுக்களின் பலத்தையும், இவற்றின் கழுத்தில் கிடக்கும் கயிற்றையும் ஒருசேரக் காட்டிய ஆண்டு அது.

தமிழ்நாட்டில் பல பத்தாண்டுகளாக ஒரு பாட்டு ஊரெங்கும் ஒலிக்க வேண்டுமானால் அது சினிமாவின் வாசல் வழியாகத்தான் வரவேண்டும். படமெடுக்கும் முதலாளி விரும்பினால் பாட்டு, இல்லாவிட்டால் இல்லை. 2021இல் கொரோனாவின் இரண்டாவது அலை வீசியது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்டு வரை சினிமாக் கொட்டகைகள் பூட்டிக் கிடந்தன. ஜனங்கள் கையிலிருந்த போனில் பாட்டுப் பார்த்தார்கள். சினிமா முதலாளியின் வாசலில் காத்துக் கிடக்காமலே ஒரு பாட்டு உலகைச் சுற்றிவர முடியும் என்பது அந்த ஆண்டில் நிரூபணமாயிற்று.

அதை நிரூபித்தது "எஞ்சாய் எஞ்சாமி" என்ற பாட்டு. 2021 மார்ச் 7ஆம் தேதி வெளிவந்தது. அறிவு எழுதினார்; தீயும் அறிவும் பாடினார்கள்; சந்தோஷ் நாராயணன் இசை; அமித் கிருஷ்ணன் படமாக்கினார். அரக்கோணத்துப் பிள்ளையான அறிவு, தம் பாட்டியின் தலைமுறை இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த கதையைப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். காட்டைத் திருத்தித் தோட்டமாக்கியவர்களுக்கு அந்தத் தோட்டத்தில் ஒரு அடி மண்கூடச் சொந்தமில்லை. 1964ஆம் ஆண்டு சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின் பேரில் லட்சக்கணக்கானோர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். இங்கே வந்தும் அவர்களுக்கு நிலமில்லை. அந்த வயிற்றெரிச்சல்தான் பாட்டாயிற்று. ஒப்பாரியின் குரலும் வயற்காட்டின் குரலும் அதில் கேட்கின்றன. நிலமற்ற கூலியின் கதையை யூடியூபில் 40 கோடித் தடவைக்கு மேல் ஜனங்கள் பார்த்தார்கள். இது சாதாரண விஷயமல்ல. விவசாயத் தொழிலாளியின் துயரம் யாருக்கும் வேண்டாத சரக்கு என்று சொல்லி வந்தவர்களுக்கு இது நல்ல பதில்.

சரி, விளைச்சல் அமோகம். கூலி என்ன ஆயிற்று?

2021 ஆகஸ்டில் ஓர் ஆங்கிலச் சங்கீதப் பத்திரிகை இந்தப் பாட்டைக் கொண்டாடி அட்டைப் படம் போட்டது. அட்டையில் பாட்டை எழுதியவர் இல்லை! இயக்குநர் பா. ரஞ்சித் உள்ளிட்ட பலர் கண்டித்த பிறகே அறிவுக்குத் தனியாக ஓர் அட்டை வந்தது. 2022 ஜூலையில் சென்னையில் சதுரங்க ஒலிம்பியாடு தொடக்க விழா. அதிலும் எழுதியவர் இல்லாமலே பாட்டு மேடையேறியது. 2024 மார்ச்சில், பாட்டு வெளியாகி மூன்றாண்டு ஆன நேரத்தில், இந்தப் பாட்டால் தமக்கும் மற்ற இருவருக்கும் ஒரு பைசா வருமானமும் வரவில்லை என்று சந்தோஷ் நாராயணனே பகிரங்கமாகச் சொன்னார். 

பாட்டை வெளியிட்ட கம்பெனிக்கும் கலைஞர்களுக்கும் உள்ள வழக்கில் தீர்ப்புச் சொல்ல நாம் முன்வரவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறோம். எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணிக்கை உலகத்துக்கே தெரிகிறது. எவ்வளவு பணம் வந்தது, யாருக்குப் போயிற்று என்ற கணக்கு ஏன் யாருக்கும் தெரிவதில்லை? பஞ்சாலைத் தோழருக்கு இது புதிதல்ல. எத்தனை கிலோ நூல் இறங்கியது என்று அவருக்குத் தெரியும். போனஸ் பேச்சு வந்தால் மட்டும் லாபக் கணக்கு பெட்டிக்குள் போய்விடும். அறுத்துக் குவித்தவன் களத்தில் நிற்கிறான். மரக்கால் வேறொருவன் கையில்!

இந்த மரக்கால் எப்படி அளக்கிறது? பாட்டோடு விளம்பரம் வருகிறது. அந்த வருமானத்தில் நூற்றுக்கு 45 பங்கை யூடியூப் எடுத்துக்கொள்கிறது. மீதி 55 பங்கு, பாட்டின் உரிமை யார் பேரில் இருக்கிறதோ அவருக்குப் போகிறது. எழுதியவர், பாடியவர், பறையடித்தவர், ஆடியவர், விளக்குப் பிடித்தவர் யாரும் தாமாக அந்தக் கணக்கில் சேர்வதில்லை. ஒப்பந்தக் காகிதத்தில் பெயர் இருந்தால் உண்டு, இல்லையேல் இல்லை.

பணத்தோடு விஷயம் முடிந்துவிடவுமில்லை. அதே 2021இல் பஞ்சாபைப் பாருங்கள். மூன்று வேளாண் சட்டங்களை எதிர்த்து 2020 நவம்பர் முதல் டெல்லி எல்லையில் விவசாயிகள் முகாமிட்டிருந்தார்கள். பஞ்சாபின் பாடகர்கள் ஊர் ஊராகப் பாட்டுக் கட்டினார்கள். சினிமாவை நம்பாத பாட்டுக்கள்; டிராக்டர்களில் ஒலித்த பாட்டுக்கள். கன்வர் கிரேவால் பாடிய "ஐலான்", ஹிம்மத் சந்து பாடிய "அஸி வட்டாங்கே" இரண்டையும் லட்சோபலட்சம் பேர் பார்த்தார்கள். 2021 பிப்ரவரியில் அவை யூடியூபிலிருந்து மறைந்தன. சர்க்காரின் புகார்தான் காரணம் என்று பத்திரிகைகள் எழுதின. காசை அளக்கும் அதே கைதான் வாயையும் பொத்துகிறது!

ஆனால் போராட்டம் நின்றதா? இல்லை. மழையிலும் குளிரிலும் ஓராண்டு காலம் நின்ற விவசாயிகள் முன் சர்க்கார் பணிந்தது. 2021 நவம்பர் 19ஆம் தேதி சட்டங்கள் வாபஸ் என்று அறிவிப்பு வந்தது. யூடியூபில் பாட்டை அழிக்க முடிந்தது. கூடாரத்தில் பாடியவர்களின் தொண்டையிலிருந்து அழிக்க முடியவில்லை.

"அப்படியானால் இந்த ஆல்பம் பாட்டே வேண்டாமா?" என்று சிலர் கேட்கலாம். வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையில் பாதரசத்தால் உடல் கெட்ட தொழிலாளர்கள், 2001இல் ஆலை மூடிய பிறகும் ஆண்டுக்கணக்கில் நியாயம் கேட்டு நின்றார்கள். 2015இல் சோஃபியா அஷ்ரஃப் பாடிய ஒரு பாட்டுப் படம் அவர்கள் வழக்கை உலகத்தின் முன் வைத்தது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் கம்பெனி ஒப்பந்தத்துக்கு வந்தது. பாட்டு மட்டும் இதைச் செய்யவில்லை. பதினைந்து ஆண்டு விடாப்பிடியாக நின்ற தொழிலாளர்கள் இருந்தார்கள். பாட்டு அவர்களுக்குத் துணை வந்தது. சங்கம் இல்லாத இடத்தில் பாட்டு வேடிக்கையாகிவிடும். சங்கம் இருக்கும் இடத்தில் அது ஆயுதம்.

எனவே நம் அபிப்பிராயம் இது:

ஒன்று: 2012ஆம் ஆண்டு பதிப்புரிமைத் திருத்தச் சட்டத்தின்படி, பாட்டெழுதியவரும் இசையமைத்தவரும் ராயல்டியைக் கம்பெனியுடன் சரிபாதியாகப் பெறும் உரிமையைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட முடியாது. சினிமாவில் சேராத பாட்டுக்கும் இது பொருந்தும். ஊரில் பாட்டுக் கட்டும் ஒவ்வொரு இளைஞனுக்கும் இது தெரிய வேண்டும். படிக்காத காகிதத்தில் கையெழுத்துப் போடக்கூடாது.

இரண்டு: பறையடிப்பவர் முதல் விளக்குப் பிடிப்பவர் வரை இத்தொழிலில் உழைப்பவர்களுக்குச் சங்கம் வேண்டும். கூலி முன்கூட்டியே பேசப்பட வேண்டும். வரவு செலவுக் கணக்கைப் பார்க்கும் உரிமை அவர்களுக்கு வேண்டும்.

மூன்று: நம் பாட்டை ஒரே கம்பெனியின் பெட்டியில் மட்டும் வைக்கக்கூடாது. பிரதி எடுத்து வைப்போம். அதைவிட முக்கியம், மனப்பாடம் செய்வோம். ஆலை வாசலிலும் நடவு வயலிலும் பாடப்படும் பாட்டை எந்தப் புகாராலும் அழிக்க முடியாது.

நெல் நம்முடையது; பாட்டும் நம்முடையது. மரக்காலும் நம் கைக்கு வரும்வரை சுயேச்சை என்ற பேச்சு அரைப் பேச்சுதான்.