தோரா வாசிக்கப் பெண்ணுக்கு என்ன தடை?

ஓய்வுநாள் காலையில் யூத ஜெபக்கூடத்தில் வேதநூலான தோராவின் சுருளை விரித்ததும், வாசிப்புக்கு ஏழு பேரை ஒருவர்பின் ஒருவராக அழைப்பார்கள். ஆர்த்தடாக்ஸ் சபைகளில் மிகப் பெரும்பாலும் ஏழு பேரும் ஆண்களே. இது மாற்றவே முடியாத வேதக் கட்டளை என்று பலர் நம்புகிறார்கள். யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான பாபிலோனியத் தால்முத் அப்படிச் சொல்லவில்லை. அந்த எழுவரில் சிறுவனும் இருக்கலாம், பெண்ணும் இருக்கலாம் என்றுதான் அது தொடங்குகிறது. பிறகே, சபையின் கௌரவம் கருதிப் பெண் வாசிக்க வேண்டாம் என்று அறிஞர்கள் கூறியதைச் சேர்க்கிறது. 16ஆம் நூற்றாண்டில் யோசேப் காரோ தொகுத்த சட்டநூலும் இரண்டையும் சேர்த்தே பதிவுசெய்கிறது. ஆகவே தடை பெண்ணின் தகுதியைப் பற்றியதல்ல, சபையின் மதிப்பைப் பற்றியது. எது மதிப்புக் குறைவு என்பதைச் சபைதான் சொல்ல முடியும்.

இதே கௌரவத்தைக் காட்டி தால்முத் இன்னொன்றையும் தடுத்திருக்கிறது: சபையோரைக் காக்கவைத்துச் சுருளைச் சுருட்டி வேறு பகுதிக்குப் போகக்கூடாது. ஆனால் ஒரே ஒரு சுருள் உள்ள ஜெபக்கூடங்களில் அப்படித்தான் செய்கிறார்கள். நெறி கெட்டுவிட்டதென்று யாரும் பதறுவதில்லை. 13ஆம் நூற்றாண்டில் ரோத்தன்பர்க் ரபி மெயிர், ஆண்கள் எல்லோரும் ஆசாரியர் குலத்தவராகவே உள்ள ஊரில் ஆசாரியருக்கு உரிய முதல் இடங்கள் போக மீதி இடங்களுக்குப் பெண்களை அழைக்கலாம் என்றார். தேவை வந்தபோது கௌரவம் வழிவிட்டிருக்கிறது.

வாசிக்கும் கடமை இல்லாதவள் மற்றவருக்காக எப்படி வாசிப்பாள் என்பது வலுவான கேள்வி. ஆனால் கடமை இல்லாத சிறுவனையும் தால்முதின் அதே வரி அனுமதிக்கிறது. ஏமன் யூதரிடம் சிறுவர் வாசிக்கும் வழக்கம் இன்றும் உண்டு. அடக்கமே உண்மையான காரணம் என்போரும் உண்டு. பெண்ணின் குரலைப் பற்றிய கட்டுப்பாடு தால்முதில் வேறோர் இடத்தில் இருக்கிறது. தோரா வாசிப்பைப் பேசும் இடத்தில் அது காரணமாகச் சொல்லப்படவில்லை. சொல்லாத காரணத்தைப் பிற்காலத்தார் ஏற்றிவைப்பது மரபுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. சபை தன் கௌரவத்தைத் தானே விட்டுக்கொடுக்க முடியாது என்று வாதிட்ட அறிஞர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பெண் வாசித்தால், வாசிக்கத் தெரிந்த ஆண் இல்லையோ என்ற இழிவு வரும் என்பதே அந்தத் தடைக்கு வழக்கமாகத் தரப்படும் விளக்கம். பெண்களே தால்முத் கற்றுக் கற்பிக்கும் ஜெருசலேமில் அந்த இழிவுக்கு இடமேது? இல்லாத கௌரவக் குறைவை விட்டுக்கொடுக்கும் கேள்வியே எழவில்லை.

சமூகம் பிளவுபடும் என்ற அச்சத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. ஆனால் 2002இல் ஜெருசலேமில் தொடங்கிய ஷிரா ஹதாஷா சபையைப் பாருங்கள். ஆண் பெண் இருக்கைகளுக்கு நடுவே தடுப்பு இருக்கிறது, வழிபாட்டு முறையும் பழையதே. அதற்குள்தான் பெண்கள் தோரா வாசிக்கிறார்கள். சட்டத்தை உதறியல்ல, சட்டத்தின் வரிகளைக் காட்டியே அவர்கள் கேட்கிறார்கள். மறுப்பவர்களும் அந்த வரிகளைக் கொண்டே பதில் சொல்லவேண்டும்.