நட்சத்திரங்களும் லினக்ஸும்

பெயர்பெற்ற ஒருவர் வாய் திறந்தாற் போதும், உலகம் மாறிவிடும் என்ற நம்பிக்கை எமது சமூகத்துக்குப் புதியதன்று. திரைப்பட நட்சத்திரங்களை அரியணையில் ஏற்றிப் பழகிய நாம், அதே நம்பிக்கையை இன்று கணினித்துறைக்கும் கொண்டுவந்துள்ளோம். 2025 ஏப்ரலில், பியூடைபை என உலகறிந்த சுவீடன் நாட்டு யூரியூப் நட்சத்திரம், தாம் விண்டோஸை விடுத்து லினக்ஸுக்கு மாறியதாக அறிவித்தார். அவரைப் பின்தொடர்வோர் பதினொரு கோடிக்கும் மேற்பட்டோர். திறந்தமூல இயங்குதளங்களுக்குப் பொற்காலம் பிறந்துவிட்டதென எம் நண்பர் சிலர் தீர்ப்பும் வழங்கிவிட்டனர். இத்தீர்ப்பு மேலெழுந்தவாரியானது என்பதே எமது வாதம்.

ஒன்றின் பெயரைப் பரப்புதல் வேறு. அதனை வாழ்வில் நிலைபெறச் செய்தல் வேறு. முன்னதை நட்சத்திரம் செய்யவல்லது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் இயங்குதளம் சவர்க்காரமன்று, வாங்கிய அன்றே பயன்படுத்திவிடுவதற்கு. அம்பிட்டியவில் வாடகை அறையிலிருந்து படிக்கும் மாணவனொருவனை எண்ணிப் பார்ப்போம். நட்சத்திரத்தின் சொற்கேட்டு அவன் லினக்ஸை நிறுவுகிறான். மறுநாள், பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட விரிவுரைக் குறிப்பு வெறும் ஆங்கிலக் குறிகளாகத் தெரிகிறது. அச்சுப்பொறி இயங்க மறுக்கிறது. எழுத்துருவை நிறுவினால் முதலாவது தீரும். ஆனால் அதைச் சொல்லிக்கொடுப்பார் யார்? கண்டி நகரில் கணினி திருத்துபவர் விண்டோஸையே மீண்டும் நிறுவித் தருகிறார். நட்சத்திரமோ அடுத்த காணொளிக்குச் சென்றுவிட்டது!

எமக்கு அணித்தேயுள்ள மலைத்தொடரின் பெயரால், பெடோராவை அடிப்படையாகக் கொண்டு, 'ஹந்தானை லினக்ஸ்' என்றோர் இயங்குதளம் இந்நாட்டிலேயே உருவாக்கப்பட்டது. அதனை இன்று எம்முள் எத்தனை பேர் அறிவோம்? "அதற்கொரு நட்சத்திரம் வாய்க்கவில்லையே" என்பர் எதிர்வாதிகள். வாய்த்திருந்தால் பெயர் பரவியிருக்கும், ஐயமில்லை. ஆயின் எந்தப் பாடநூல் அதனைக் கற்பித்திருக்கும்? எந்தப் பரீட்சை அதில் வினாத் தொடுத்திருக்கும்?

கேரளத்தை நோக்குக. அங்கே அரசின் பள்ளித் தகவல் தொழில்நுட்பத் திட்டம் ஆசிரியர்களைப் பயிற்றியது. கட்டற்ற மென்பொருளைப் பாடநூலிலும் பரீட்சையிலும் இடம்பெறச் செய்தது. 2019 அளவில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகளை நோக்கி அதன் லினக்ஸ் பதிப்பு வெளிவந்தது. இதனைச் சாதித்தது எந்த நட்சத்திரமுமன்று, வகுப்பறை.

இது பொழுதுபோக்காளரின் வழக்கென ஒதுக்குதற்கில்லை. 2025 ஒக்ரோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 கோரும் வன்பொருள் பல பழைய கணினிகளில் இல்லை. புதியதை வாங்க இயலாத மாணவனுக்கு எஞ்சியிருக்கும் வழிகளுள் தலையாயது லினக்ஸே. அவனுக்குத் தேவை இரசிகர் கூட்டமன்று, அருகிலிருந்து கற்பிக்கும் ஒருவர்.

எனவே, விரிவுரையாளர்களே, ஆய்வுகூடத்தில் ஒரு வரிசைக் கணினிகளையேனும் லினக்ஸுக்கு மாற்றுங்கள். குறிப்புகளை யூனிக்கோட்டில் தாருங்கள். மாணவ நண்பர்களே, மாதமொருமுறை கூடி, ஒருவர் கணினியை மற்றொருவர் சீர்செய்யப் பழகுங்கள். நட்சத்திரம் கதவைத் தட்டலாம். வீட்டில் குடியிருக்க வேண்டியவர் நாமே.